ஆளில்லாத கட்டடத்தின் சாவி

1

பிரெஞ்சு தேசத் திருநாளான இந்த ஜூலை பதினாலாம் தேதியும் எங்கள் சங்கத்தார் படம் எடுத்துக்கொண்டோம். சைகோனில் வருஷா வருஷம் நடக்கிற காரியம்தான். காலையில் அணிவகுப்பைப் பார்த்துவிட்டு, வெள்ளை டிரில் துணிக் கால்சட்டையும் கோட்டுமாக வியர்த்து வழிந்துகொண்டு ஒரு சீனாக்காரருடைய படக்கடைக்குப் போவோம். அவர் அசையாதீர்கள் என்பார். நாங்கள் அசையமாட்டோம். அரை மணியில் முடிந்துவிடும்.

இந்த வருஷம் சாப்பாட்டு வேளை தாண்டியும் முடியவில்லை. நாற்காலிதான் காரணம். கடையில் இருந்ததில் ஒன்றுக்குக் கால் ஆடுகிறது என்று சீனாக்காரர் எடுத்து உள்ளே வைத்துவிட்டார். மிச்சம் நாலு. சங்கத்தில் நாங்கள் ஒன்பது பேர், எல்லாரும் புதுச்சேரிப் பக்கத்து ஒரே ஊர்க்காரர்கள். தலைவர் ரத்தினம், பிரெஞ்சு மரியாதைப்படி முசியே ரத்தினம், நடுவில் உட்காருவார், அதில் பேச்சில்லை. ஆனால் நாலு நாற்காலியில் நடு எது? அந்த இடத்தில் தகராறு ஆரம்பித்தது. அப்புறம் சுங்கத்தில் வேலை பார்ப்பவர் சிறைச்சாலையில் வேலை பார்ப்பவருக்கு இடது கைப்பக்கம் உட்காரமாட்டேன் என்றார். சிறைச்சாலைக்காரர், "என் பக்கத்தில் கைதிதான் உட்காருவானா?" என்று கேட்டார். சீனாக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விடுவதும் எடுப்பதுமாக இருந்தார்.

என் மகளும் கூட வந்திருந்தாள். நாங்கள் வைத்த பெயர் சுசீலா. பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீகள் அதைச் சூசான் ஆக்கிவிட்டார்கள். இப்போது சுசீலா என்று கூப்பிட்டால், நான் யாரையோ கூப்பிடுகிறேன் என்று அவளும் சேர்ந்து திரும்பிப் பார்க்கிறாள். பிரெஞ்சு நன்றாக வரும், இந்த ஊர்க்காரர்களான அன்னாமியர் பாஷை அதைவிட நன்றாக வரும். தமிழில் அவளுக்கு அத்துப்படியானது அவள் அம்மா திட்டுகிற தமிழ் மட்டுமே. அவள், "எல்லாரும் தரையில் உட்கார்ந்துவிட்டால் என்ன?" என்று பிரெஞ்சில் கேட்டாள். சங்கம் மொத்தமும் ஒரு சேரத் திரும்பி அவளை முறைத்தது. நான் அவளை வெளியே போய்ப் பொம்மைக்கடை பார்க்கச் சொன்னேன்.

இந்தப் பாடெல்லாம் எதற்கென்றால், படம் ஊருக்குப் போகவேண்டும். எங்கள் சங்கம் ஊரில் உண்டாக்கிய மன்றத்தில் அதை மாட்டவேண்டும். அந்த மன்றத்தின் கதையை இந்தப் பத்திரிகை வாசகர்களுக்குச் சொல்லவேண்டும் என்று கொஞ்ச நாளாகவே எனக்கு நமைச்சல். சங்கத்தில் யாரும் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

2

வில்லியனூரிலிருந்து உறுவையாற்றுப் பக்கம் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இரண்டு தெருக்காரர்களும் ஆசிரியருக்குக் கடிதம் போடுவார்கள், பாவம் அவர். நெல்லும் கரும்பும் விளையும். மேலத்தெருவுக்கு நாட்டாண்மைக்காரர் பெரியவர். மாதாகோயில் தெருவுக்கு ஞானப்பிரகாசம் பெரியவர். ஒருவர் நெற்றியில் விபூதி, இன்னொருவர் கழுத்தில் சிலுவை. மற்றபடி இரண்டு பேரையும் இருட்டில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, அவ்வளவு ஒற்றுமை: ஒரே மாதிரி நிலம், ஒரே மாதிரி வீம்பு.

ஊருக்கு வெளியே, ஆற்றுக்குப் போகிற வழியில் ஒரு அவுரிக் கிடங்கு. என் அப்பா காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை நீலச்சாயம் காய்ச்சின இடம். மேலே ஒரு பெரிய தொட்டி, அதில் அவுரி இலையை ஊறப்போடுவார்கள். ஊறின சாற்றை அதற்குக் கீழே, தரைக்குள் இறக்கிக் கட்டின இன்னொரு தொட்டிக்குத் திறந்துவிடுவார்கள். அங்கே ஆட்கள் இடுப்பளவு நீலத்தில் நின்று துடுப்பால் அடிப்பார்கள். தொட்டிகளை ஒட்டி நீலக் கட்டிகளைக் காயவைக்கிற நீளமான கிடங்கு. சீமையிலே சாயத்தை ரசாயனத்தால் செய்யக் கற்றுக்கொண்டார்கள், அவுரி விலை போகவில்லை, துரை கப்பல் ஏறினார். கட்டடம் அப்படியே நின்றது.

கைவிடப்பட்ட கட்டடம் என்று எங்கள் சங்கத் தீர்மானத்தில் எழுதினோம். இந்த இரண்டு வார்த்தையை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

3

வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு ஊர்ப் பற்று ஞாயிற்றுக்கிழமைகளில் வரும். வாரத்தில் ஆறு நாள் நான் துறைமுகத்து ஆபீஸில் மூட்டைகளுக்கு எண் போடுகிறேன். ஏழாம் நாள் சங்கத்தில் கூடுவோம், ஊரைத் திருத்துவோம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை முசியே ரத்தினம் எழுந்து, "நம் ஜனங்களுக்குக் கலை வேண்டும், அறிவு வேண்டும், கூடி உட்கார ஒரு இடம் வேண்டும்" என்றார். முந்தின நாள் அவர் சைகோன் நாடக மண்டபத்தில் வெள்ளைக்காரர்கள் பாடுகிற நாடகம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஒரு வார்த்தை புரியவில்லையாம், ஆனால் நாற்காலி மெத்தென்று இருந்ததாம்.

அவுரிக் கிடங்கு ஞாபகத்துக்கு வந்தது. மேல் தொட்டியை மண் போட்டு நிரப்பினால் மேடை ஆயிற்று. கீழ்த் தொட்டியில் ஜனங்கள் உட்காரலாம். பக்கத்துக் கிடங்கில் படிப்பறை, புத்தக அலமாரி, ஒரு கிராமபோன். வாசலில் சங்கத்தார் பெயர்களைக் கல்லில் வெட்டி வைக்கலாம் என்று சிறைச்சாலைக்காரர் சொன்னபோது கைதட்டல் நிற்கவே இல்லை.

அன்று கூட்டம் என் வீட்டில். மேஜை விரிப்பின் மேல் கட்டடத்தை வரைந்தோம். அவரவர் ஊரை விட்டு வந்து எத்தனையோ வருஷம். ஒருவருக்கு வாசல் கிழக்கே, ஒருவருக்குத் தெற்கே. சுங்கக்காரருக்குப் பெரிய வளைவு ஒன்றும் அதன் மேல் இரண்டு சிங்கமும் ஞாபகம் இருந்தது. சிங்கம் எங்கள் ஊரில் எங்குமே கிடையாது. ஆனால் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதால் யாரும் மறுக்கவில்லை, வரைந்துவிட்டோம். என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவளும் அதே ஊர்க்காரிதான். "அந்தக் கெடங்குல ஒரு பொம்பள இருந்தாளே?" என்று கேட்டாள். ஒருவர் காதிலும் விழவில்லை. விரிப்பில் மை கொட்டியதற்கு மட்டும் அன்று சாயங்காலம் எனக்கு அவளிடம் திட்டு கிடைத்தது.

அந்த வருஷம் எனக்கு கோன்ழே, அதாவது ஊர் போய் வருகிற நீண்ட விடுப்பு, வந்தது. மன்றத்தை நடத்தி முடித்துவிட்டு வா என்று சங்கம் என்னை அனுப்பியது.

4

புதுச்சேரிக் கரையில் படகிலிருந்து இறங்கி, ஜட்கா பிடித்து வில்லியனூர் தாண்டி, ஊருக்குப் போனதும் பெட்டியைக் கூட இறக்காமல் கிடங்குக்குப் போனேன். வாசல் மேற்கே இருந்தது. சிங்கம் இல்லை. கட்டிப்போட்ட ஒரு எருமை இருந்தது. சுவர் முழுக்க வரட்டி. உள்ளேயிருந்து ஒரு பெண்பிள்ளை மோர் கடைந்த கையோடு வந்தாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"யாருபா நீ? தயிரா, மோரா?"

சைகோனிலிருந்து வருகிறேன் என்றேன்.

"ஓ, சைகோன் தம்பியா? ஒங்கப்பாரு மாதிரியே கீற. உள்ள வா. எருமை முட்டாது."

இவள்தான் பச்சையம்மாள். இவள் மாமனார் துரைக்குக் காவல்காரராக இருந்தவர். அவருக்கு அப்புறம் இவள் புருஷன், அவனும் போனபின் இவள். கிடங்கில் கூரை ஒழுகாத ஒரு மூலையில் அடுப்பு, பானைகள், பாய். மண்ணெண்ணெய் விளக்கு. நீலக் கறை போகாத சுவரில் ஒரு மாரியம்மன் படம். ஒழுகின இடங்களுக்கெல்லாம் அவளே கீற்று மேய்ந்திருந்தாள். அவள் இல்லாவிட்டால் அந்தக் கட்டடம் எப்போதோ விழுந்திருக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

"அக்கா, இது துரை விட்டுட்டுப் போன கட்டடம் இல்லையா?"

"வுட்டுட்டு எங்க போனாரு? கப்ப ஏறசொல்ல எங்க மாமனார் கிட்ட 'பாத்துக்கோ'ன்னுட்டுப் போனாரு. பாத்துக்கினுதான் கீறோம். அவரு வந்தா எடுத்துக்கட்டும்."

நான் மன்றம் பற்றிச் சொன்னேன். கலை, அறிவு, கூடி உட்கார ஒரு இடம். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லதுதான் தம்பி. செய்ங்க. அப்ப நானு எங்க குந்தறது?"

பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ பிரசங்கம் செய்தார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. நானும் சைகோனுக்குத் தந்தி அடித்தேன். தலைவரிடமிருந்து பதில் வந்தது: கட்டடம் காலியாக இருக்கவேண்டும்.

காலியாக இருக்கிறது என்று மேரியில் எழுதி வாங்கவேண்டியிருந்தது. மேரி என்றால் சாமி பெயர் இல்லை, எங்கள் பக்கத்தில் கொம்யூன் ஆபீஸை, அதாவது ஊராட்சி ஆபீஸை, அப்படித்தான் சொல்வார்கள். அங்கே பல நாள் நடந்து, பல பேரை முசியே என்று கூப்பிட்டு, கடைசியில் ஒரு அதிகாரி கட்டடத்தைப் பார்வையிட வந்தார். தொப்பி, குடை, மைக்கூடு தூக்க ஒரு ஆள். வெயிலில் வந்த மனிதர் மூச்சு வாங்கினார். பச்சையம்மாள் ஒரு பாயை உதறிப் போட்டு, சொம்பு நிறைய மோர் கொடுத்தாள். உப்பும் இஞ்சியும் போட்ட மோர். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, அவள் போட்ட பாயில் உட்கார்ந்து அவர் எழுத ஆரம்பித்தார்.

"இன்னா தம்பி எழுதறாரு?" என்று என்னிடம் கேட்டாள்.

"கட்டடத்துல ஆளே இல்லன்னு எழுதறாரு அக்கா."

"அப்ப மோரு யாரு குடுத்தா?"

அதிகாரியிடம், "ஐயா, இவங்க இங்கதானே இருக்காங்க" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். கெட்ட மனிதர் இல்லை, களைத்த மனிதர்.

"இருக்கறது எனக்குத் தெரியாதா முசியே? இருக்காங்கன்னு எழுதினா விஷயம் கோர்ட்டுக்குப் போவும். கோர்ட்டு முடியசொல்ல கட்டடம் இருக்காது, நீங்களும் இருக்கமாட்டீங்க. ஒங்களுக்கு மன்றம் வேணுமா வேணாமா?" என்றார். பச்சையம்மாள் பக்கம் திரும்பி, "இன்னும் கொஞ்சம் மோர் இருக்குமா?" என்றார்.

இருந்தது. குடித்தார். முத்திரை குத்தினார்.

5

வேலை மளமளவென்று நடந்தது. மேல் தொட்டி நிரம்பி மேடை ஆயிற்று. கீழ்த் தொட்டியைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார்கள். எத்தனை அடித்தாலும் மறுநாள் காலையில் நீலம் மேலே வந்தது. அலமாரியும் கிராமபோனும் வந்தன. பெயர்க்கல் வந்தது, முசியே ரத்தினத்தின் பெயர் எல்லாரையும்விடப் பெரிய எழுத்தில்.

பச்சையம்மாள் பானைகளையும் எருமையையும் எதிரே புளியமரத்தடிக்கு மாற்றிக்கொண்டாள். ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. ஊருக்குள் ஒரு குடிசைக்கு இடம் கேட்டு நானே இரண்டு தெருவுக்கும் போனேன். நாட்டாண்மைக்காரர், "மாதாகோயில் தெருவுலதான் எடம் நெறைய கெடக்குதே" என்றார். ஞானப்பிரகாசம், "அவ மாரியம்மனக் கும்புடறவ, மேலத்தெருவுலதான் குடுக்கணும்" என்றார். இரண்டும் நியாயமாகவே பட்டன. கலைக்கும் அறிவுக்கும் இடம் கிடைத்த ஊரில் ஒரு எருமைக்கும் ஒரு பெண்பிள்ளைக்கும் இடம் கிடைக்கவில்லை. மழை வந்தால் இவள் என்ன செய்வாள் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

திறப்பு விழா ஒரு சாயங்காலம். முதலில் பிரசங்கம், பிறகு கூத்து. இங்கேதான் சைகோன் மூளையின் பெருமை வெளிப்பட்டது.

எங்கள் பக்கத்தில் கூத்து தரையில் நடக்கும். ஆடுகிறவன் மண்ணில் ஆடுவான், ஊர்ப் பெரிய மனிதருக்குக் கட்டில் போடுவார்கள். அவர் கட்டில் மேல் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு பார்ப்பார். ராஜா வேஷமானாலும் அவன் நிற்கிற மண் பெரிய மனிதரின் காலுக்குக் கீழேதான் இருக்கும். இது யாரும் சொல்லிக்கொடுத்து வருகிற விஷயம் இல்லை. நாங்களோ வெள்ளைக்காரன் நாடக மண்டபத்தைப் பார்த்து, மேடையை உயரத்திலும் பார்க்கிறவர்களைப் பள்ளத்திலும் வைத்துவிட்டோம்.

நாட்டாண்மைக்காரர் தொட்டிக்குள் படியிறங்கி நிமிர்ந்து பார்த்தார். அவர் தலைக்கு மேலே மத்தளக்காரனுடைய கால் கட்டைவிரல் இருந்தது.

"இன்னாயா இது?" என்றார்.

"மேடைங்க" என்றேன்.

"அது தெரியுது. நானு எங்க கீறேன்?"

கட்டில் வந்தது. போதவில்லை. கட்டிலின் கால்களுக்குச் செங்கல் வைத்தார்கள். அதைப் பார்த்த ஞானப்பிரகாசம் தன் கட்டிலுக்கு ஒரு கல் கூட்டி வைக்கச் சொன்னார். மேலத்தெருவார் இன்னொரு கல் வைத்தார்கள். மாதாகோயில் தெருவார் கல் தேடிப் போய், படிப்பறைக்கு மிஞ்சிக் கிடந்த செங்கலையெல்லாம் அள்ளிவந்தார்கள். மதம் வேறாக இருந்தாலும் மட்டம் ஒன்றுதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. கடைசியில் இரண்டு பெரியவர்களையும் இரண்டு பேர் தூக்கித்தான் கட்டில் மேல் ஏற்றவேண்டியிருந்தது.

ஏறி உட்கார்ந்து, அப்பாடா என்று சுற்றிப் பார்த்தார்கள். பார்த்தால், தொட்டியின் விளிம்பு முழுக்க ஜனங்கள். சேரிக்காரர்களை உள்ளே விடக்கூடாது, வெளியே நின்று பார்க்கட்டும் என்று இரண்டு தெருவும் முதல் நாளே ஒரே வாயாகச் சொல்லியிருந்தன. வெளியே என்றால் தொட்டிக்கு வெளியே, விளிம்புச் சுவரின் மேல். பார்க்கவந்தவர்களில் அவர்கள்தான் உயரம். செங்கல் ஏற்றின கட்டிலைவிட உயரம். தள்ளிவைக்கப்பட்டவர்கள் எல்லாரும் மேலே நின்றுகொண்டு, பள்ளத்துக்குள் செங்கல் மேல் தள்ளாடுகிற இரண்டு பெரிய மனிதர்களை வெகு மரியாதையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

நாட்டாண்மைக்காரர் கையை வீசி, "எறங்குங்கடா எல்லாரும்!" என்று கத்தினார். கத்தின வேகத்தில் அவரே இறங்கினார். கட்டில் ஒரு பக்கம், செங்கல் ஒரு பக்கம். அவர் விழவில்லை, கோபித்துக்கொண்டு எழுந்தார் என்று மறுநாள் மேலத்தெரு முழுக்கச் சொன்னார்கள். ஞானப்பிரகாசத்தைத் தூக்கி இறக்க ஆள் கிடைக்காமல் அவர் கொஞ்ச நேரம் தனியாக மேலேயே உட்கார்ந்திருந்தார். கூத்து நடக்கவில்லை. என் பிரசங்கமும் நடக்கவில்லை. அதில் நல்ல இடங்கள் இருந்தன.

6

மன்றத்தைப் பூட்டினோம். பூட்டினபின் சாவி யாரிடம்? மேலத்தெருவிடம் கொடுத்தால் மாதாகோயில் தெரு ஒப்பாது. அங்கே கொடுத்தால் இங்கே ஒப்பாது. மேரியில் வைக்கலாம் என்றால், அந்த ஆபீஸ் அப்போது எந்தத் தெருவின் கையில் இருக்கிறது என்பதிலேயே வழக்கு. எனக்குக் கப்பலுக்கு நாள் நெருங்கிவிட்டது. முதல் மழையும் பிடித்துக்கொண்டது. புளியமரத்தடியில் பச்சையம்மாள் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு, எருமையின் மேல் இன்னொரு கோணியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் இரண்டு பெரியவர்களிடமும் தனித்தனியாகப் போய் ஒரே வார்த்தையைச் சொன்னேன். "அவகிட்ட இருக்கட்டுங்களே. அவ எந்தத் தெருவும் இல்ல. கணக்குல அவ ஆளே இல்ல."

நாட்டாண்மைக்காரர் யோசித்தார். "அதுவும் சரிதான். அவ ஒரு ஆளா?" என்றார். ஞானப்பிரகாசமும் அதையே சொன்னார். அவர்கள் வாழ்க்கையில் ஒத்துப்போன இரண்டாவது விஷயம் இது.

மழையில் நனைந்துகொண்டே போய்ச் சாவியைக் கொடுத்தேன். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். நன்றி எல்லாம் சொல்லவில்லை. "எருமையத்தான் மொதல்ல உள்ள கட்டணும், நடுங்குது" என்றாள்.

சைகோனுக்குத் திரும்பினேன். மன்றம் அமைதியாகத் திறக்கப்பட்டது என்று சங்கத்தில் அறிக்கை கொடுத்தேன். கூச்சலெல்லாம் அடங்கினபிறகு, எருமையைக் கட்ட அவள் திறந்தது அமைதியாகத்தானே. பழையபடி மூட்டைகளுக்கு எண் போட்டேன். சூசான் பள்ளியில் பரிசு வாங்கினாள். பரிசுப் புத்தகத்தில் என் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள், திருத்தச் சொன்னேன், "எதற்கு அப்பா, அழகாகத்தானே இருக்கிறது?" என்றாள். என் மனைவி மீன் குழம்பில் இந்த ஊர் மீன்சாற்றை ஊற்ற ஆரம்பித்திருக்கிறாள். கேட்டால், ருசியாக இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல் என்கிறாள். இருக்கிறது.

இன்னொரு சேதி. நான் இத்தனை வருஷமாக ஊரில் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் நடக்கிற ஒவ்வொரு தேர்தலிலும் தவறாமல் ஓட்டுப் போடுகிறேனாம். ஊரிலிருந்து வருகிறவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலையிலேயே வந்து போட்டுவிடுகிறேனாம், நல்ல பழக்கம். காலமான என் அப்பாவும் கூடவே வருகிறாராம். கடல் தாண்டி இருக்கிற நானும் மண்ணுக்குள் இருக்கிற அவரும் அங்கே ஆட்கள். தினம் விடிந்தால் மோர் விற்கிற பச்சையம்மாள் அங்கே ஆள் இல்லை. இதை நினைக்கிறபோதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுபோகும்.

7

படம் எடுத்த அன்று சாயங்காலம் சங்கத்தில் விருந்து. எங்கள் ஊரிலிருந்து கடைசிக் கப்பலில் புதிதாக வந்த நடேசன் என்கிற பையனை அழைத்திருந்தோம். பையன் என்றால் கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவன், புதிதாக வந்தவனைச் சங்கத்தில் அப்படித்தான் சொல்வோம். தலைவர் அவனைப் பார்த்து, "மன்றம் எப்படி நடக்கிறது?" என்று கேட்டார்.

"ஜோரா நடக்குதுங்க" என்றான் நடேசன். தலைவர் எங்களை ஒரு சுற்றுப் பெருமையாகப் பார்த்தார். அவன் மேலே சொன்னான்.

இரண்டு தெருவும் தேர்தலுக்காக ராசியாகிவிட்டன. வேட்பாளரை வைத்து மன்றத்தில் கூட்டம் போட முடிவு செய்து, இரண்டு பெரியவர்களும் ஒன்றாகப் போய்ச் சாவி கேட்டார்கள். பச்சையம்மாள் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே பதில் சொன்னாளாம்:

"இங்க ஆளே இல்லன்னு எழுதி முத்திர குத்தி வெச்சிருக்குது. அப்பறம் யாருகிட்ட வந்து சாவி கேக்கறீங்க?"

கோபத்தோடு மேரிக்குப் போனார்கள். அவளைக் காலி செய்ய உத்தரவு வேண்டும் என்றார்கள். களைத்த அதிகாரி அதே வேலையில்தான் இருந்தார். காகிதத்தை எடுத்துப் பார்த்தார். ஆளில்லாத கட்டடத்திலிருந்து யாரைக் காலி செய்வது என்று கேட்டார். இருக்கிறாள் என்று இப்போது எழுதினால், அன்றைக்குக் குத்தின முத்திரை பொய்யாகிவிடும். சர்க்கார் முத்திரை பொய் சொல்லுமா? ஆகவே அவள் இல்லை. இல்லாதவளை ஒன்றும் செய்யமுடியாது. அந்த அதிகாரிக்கும் அங்கேயிருந்து தினம் மோர் போகிறது என்றும் நடேசன் சொன்னான்.

"அப்படின்னா மன்றம் பூட்டியா இருக்கு?" என்று சுங்கக்காரர் கத்தினார்.

"பூட்டறதே இல்லிங்க. சாயங்காலமானா தெறந்துதான் கெடக்கும். யாரு வேணா வரலாம். வெளிம்புல நின்ன ஜனங்கதான் இப்ப மொத ஆளா உள்ள குந்துது. கூத்து நடக்குது, கிராமபோனு பாடுது. அலமாரில பொஸ்தகம் ஒரு தட்டு, தயிர்ப்பான ஒரு தட்டு. ரெண்டு தெருப் புள்ளைங்களும் அப்பனுக்குத் தெரியாம வருது. அக்கா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுது, கட்டில் வரக்கூடாது. நாக்காலியும் வரக்கூடாது. அல்லாரும் தரையில குந்தணும்."

எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. யாருக்கும் தெரியாமல் இரண்டாவது தம்ளர் பானத்தை எடுத்துக்கொண்டேன். கூடி உட்கார ஒரு இடம் என்று நாங்கள் சொன்னோம், அவள் அதை அப்படியே செய்துவிட்டிருந்தாள்.

தலைவர் தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது கிடக்கட்டும். நம் படத்தையாவது நல்ல இடமாகப் பார்த்து மாட்டச் சொல்லி எழுதுவோம்" என்றார்.

நடேசன் தலையைச் சொறிந்தான். "மாட்ட வுடாதுங்க."

"ஏன்?"

"தேர்தல் சமயத்துல வேட்பாளரு படத்தக் கொண்டாந்து மாட்டப் போனாங்க. அவரு நாக்காலில குந்திக்கினு இருந்தாரு. படத்துல இருந்தாலும் நாக்காலி நாக்காலிதான்னு அக்கா திருப்பி அனுப்பிடுச்சு."

ஒரு காலை முழுக்க நாலு நாற்காலிக்காக அடித்துக்கொண்ட ஒன்பது பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். சிறைச்சாலைக்காரர் மட்டும், "அப்படியானால் இன்னொரு படம் எடுக்கவேண்டியதுதான்" என்றார். தலைவர் அவரை முறைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேர் சீனாக்காரர் கடைக்குப் போனோம். நான், சிறைச்சாலைக்காரர், நடேசன். தரையில் ஜமக்காளம் விரிக்கச் சொன்னோம். சீனாக்காரர் தலைக்கு ஏதோ ஆகிவிட்டதா என்று பார்த்தார். டிரில் கால்சட்டையோடு சம்மணம் போடுவது சுலபமில்லை, சிறைச்சாலைக்காரருடையது உட்காரும்போதே டர்ரென்று கிழிந்தது. சூசான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு தானும் வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சனியனே, நகந்து குந்து" என்று நடேசனிடம் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அது. அவன் நகர்ந்து குந்தினான்.

படம் இந்தக் கப்பலில் போகிறது. பச்சையம்மாள் மாட்டுவாளோ மாட்டாளோ தெரியாது. மாட்டாவிட்டாலும் குறையில்லை. வாசலில் நட்ட எங்கள் பெயர்க்கல்லில்தான் அவள் எருமையைக் கட்டுகிறாளாம். கயிறு உரசி உரசி முசியே ரத்தினத்தின் பெயர் தேய்ந்துவிட்டதாம். என் பெயர் கீழே, சின்ன எழுத்தில் இருப்பதால் இன்னும் படிக்கமுடிகிறது என்று நடேசன் சொன்னான்.